கோர்ஃபு தீவில் ஒரே ஒரு பகல்: வழிகாட்டியுடன் செல்லும் சுற்றுலாவில் சேரலாமா?

கிரேக்கத்தின் கோர்ஃபு தீவில் ஒரு பகல் மட்டுமே கையில் இருக்கிறது, வயதான பெற்றோரும் உடன் வருகிறார்கள், முக்கிய இடங்களைக் காட்டும் நாள் சுற்றுலாவில் சேர்வதா அல்லது நாங்களே சுற்றிக்கொள்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அத்தீவுக்கு இருமுறை சென்றிருக்கிறேன். முதல் முறை தனியாக, எதிர்க்கரையில் உள்ள இகூமெனீத்சா துறைமுகத்திலிருந்து காலைக் கப்பலில் வந்து இறங்கி, நாற்பது பேருக்கு மேல் ஏறிய பெரிய பேருந்தில் சுற்றினேன். இரண்டாம் முறை அப்பா அம்மாவுடன், எட்டுப் பேர் அமரும் வேனில் சென்றேன். இரண்டையும் வைத்துச் சொல்வதானால், சுற்றுலாவில் சேருங்கள். ஆனால் தொலைவில் உள்ள இடங்களுக்காக மட்டும் அதை வாங்குங்கள். பழைய நகரத்தை உங்கள் கால்களுக்கும் உங்கள் நேரத்துக்கும் விட்டுவையுங்கள்.

தீவின் அமைப்பே இதற்குக் காரணம். கிரேக்கர்கள் கெர்கீரா என்று அழைக்கும் இத்தீவு வடக்கு தெற்காக அறுபது கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. பார்க்க வேண்டிய அகில்லெயோன் அரண்மனை நகரத்துக்குத் தெற்கே சுமார் 10 கிலோமீட்டரிலும், பாலியோகாஸ்த்ரித்சா என்னும் கடற்கரை ஊர் வடமேற்கே சுமார் 25 கிலோமீட்டரிலும் உள்ளன. நகருக்குள்ளும் சுற்றுப்புறத்துக்கும் ஓடும் நீலப் பேருந்துகளும், வெளியூர்களுக்கு ஓடும் பச்சைப் பேருந்துகளும் உண்டு, கட்டணமும் குறைவுதான். ஆனால் ஒவ்வோர் இடத்துக்கும் போய் நகரத்துக்கே திரும்பி வந்து அடுத்த பேருந்தைப் பிடிக்க வேண்டியிருப்பதால், ஒரு பகலில் இரண்டு இடங்களைத் தாண்ட முடியாது. வாடகைக் கார் எடுக்கலாமே என்றால், சாலையின் இடப்பக்கம் ஓட்டிப் பழகிய நமக்கு, மலைச்சரிவில் இரண்டு சுற்றுலாப் பேருந்துகள் எதிரெதிரே வந்து ஒன்று பின்வாங்கும் குறுகிய வளைவுகளில் வலப்பக்கம் ஓட்டுவது விடுமுறை போல இருக்காது.

பெரும்பாலான சுற்றுலாக்கள் அகில்லெயோனில் தொடங்குகின்றன. ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத், தம் ஒரே மகன் ருடால்ஃப் 1889ஆம் ஆண்டு இறந்த துயரத்துக்குப் பின், பண்டைய கிரேக்கக் கவி ஹோமரின் மீதும் கிரேக்க மொழியின் மீதும் கொண்டிருந்த பற்றினால், 1890ஆம் ஆண்டு வாக்கில் கஸ்தூரி என்னும் சிற்றூரில் இதைக் கட்டுவித்தார். (நமது கஸ்தூரிக்கும் அந்த ஊர்ப்பெயருக்கும் தொடர்பு ஏதும் இல்லை, என் அம்மா கேட்டுவிட்டார்.) தோட்டத்தில் எர்ன்ஸ்ட் ஹெர்ட்டர் வடித்த, குதிகாலில் தைத்த அம்பைப் பிடுங்க முயன்றபடி சரிந்து கிடக்கும், ஹோமரின் காவிய வீரன் அகில்லீஸின் பளிங்குச் சிலை இருக்கிறது. எலிசபெத் 1898ஆம் ஆண்டு ஜெனீவாவில் கொலையுண்ட பிறகு, ஜெர்மனியின் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் 1907ஆம் ஆண்டு இந்த அரண்மனையை வாங்கினார். வலியில் துடிக்கும் வீரன் அவருக்குப் போதவில்லை போலும். ஈட்டியும் கேடயமும் ஏந்தி நிமிர்ந்து நிற்கும் வெண்கல அகில்லீஸ் ஒன்றை அதே தோட்டத்தில் நிறுத்தினார். ஒரே தோட்டத்தில் ஒரே வீரன், மகனை இழந்த தாய் பார்த்த விதமாகவும் படை நடத்த விரும்பிய அரசர் பார்த்த விதமாகவும் இரண்டு சிலைகளாக நிற்பதை, வழிகாட்டி எடுத்துச் சொல்லாவிட்டால் நான் இரண்டு படங்கள் எடுத்துக்கொண்டு நகர்ந்திருப்பேன். வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் வீணாகாத இடம் இது. மாளிகையின் உட்பகுதி சீரமைப்புப் பணிகளுக்காக நீண்ட நாள் மூடிக் கிடப்பதுண்டு. ஆகவே உள்ளே அனுமதி உண்டா, தோட்டம் மட்டுமா, நுழைவுக் கட்டணம் சுற்றுலாத் தொகையில் அடக்கமா என்பதை முன்பதிவுக்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். தோட்டம் அடுக்கடுக்காக இருப்பதால் படிகள் உண்டு.

அங்கிருந்து பாலியோகாஸ்த்ரித்சா செல்லும் வழி முழுவதும் ஆலிவ் மரங்கள்தான். பிற கிரேக்கத் தீவுகளின் படங்களில் காணும் குட்டையான, வெயிலில் வெளுத்த மரங்களை மறந்துவிடுங்கள். தீவை ஆண்ட வெனிஸ்காரர்கள் ஊக்கத்தொகை கொடுத்து நட வைத்தவை, கவாத்து செய்யப்படாமல் நம் ஊர்ப் புளியமரங்களைப் போல ஓங்கி வளர்ந்து சாலையின் மேல் நிழல் கவிந்து நிற்கின்றன. காயைக் கையால் பறிக்க முடியாத உயரம் என்பதால், மரத்தடிகளில் கறுப்பு வலைகளை விரித்து, தானாக உதிர்வதைச் சேர்க்கும் வழக்கம் இருக்கிறது. பருவம் இல்லாத நாட்களில் அந்த வலைகளைச் சுருட்டி மரக்கிளைகளின் கவட்டில் செருகி வைத்திருப்பதைப் பார்த்து அப்பா வண்டியை நிறுத்தச் சொன்னார். வேன் என்பதால் ஓட்டுநரும் நிறுத்தினார். ஆண்டுக்கு 1000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் தீவு இது. அந்தப் பசுமைக்கான விலையை அக்டோபருக்குப் பின் வருபவர்கள் நனைந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

பாலியோகாஸ்த்ரித்சாவில் மலைமுனையில் இருக்கும் தியோடோகோஸ் மடாலயத்தின் தொடக்கம் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். இப்போது காணும் கட்டடங்கள் பிற்காலத்தவை. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். சேலையும் சுடிதாரும் அணிந்தவர்களுக்குக் கவலை இல்லை. அரைக்கால் சட்டையில் வரும் ஆண்கள்தான் வாசலில் தயங்கி நிற்பார்கள். கீழே சிறு விரிகுடாக்களிலிருந்து குகைகளுக்கு அழைத்துச் செல்லும் படகுகள் கிளம்புகின்றன. நீர் தெளிவாக இருந்தாலும் கோடையிலும் சில்லென்று இருக்கும். ஹோமரின் காவியத்தில் கரை ஒதுங்கிய வீரன் ஒடிசியஸை இளவரசி நௌசிகா கண்டெடுத்த இடம் இதுதான் என்று வழிகாட்டிகள் கூறுவார்கள். தீவில் வேறு சில கடற்கரைகளும் இதே உரிமையைக் கோருகின்றன என்பதால், கதையாகக் கேட்டுக்கொள்வதே நல்லது. மேலே லாகோனெஸ் சாலையில் ஏறிப் பார்க்கும் காட்சி மிக அழகு, ஆனால் கொண்டையூசி வளைவுகள் அதிகம். பேருந்தில் தலைசுற்றும் பழக்கம் உள்ளவர்களை முன் இருக்கையில் அமர்த்துங்கள்.

கனோனிக்கு அரை மணி நேரம் போதும். பிரெஞ்சுக்காரர்கள் நிறுத்திய பீரங்கியால் பெயர் பெற்ற அந்த மேட்டிலிருந்து பார்த்தால், கரையோடு ஒட்டிய சிறு பாதையின் நுனியில் வெள்ளை நிற விளாகெர்னா மடமும், அதற்கு அப்பால் சைப்ரஸ் மரங்கள் சூழ்ந்த பொந்திகொனீசி என்னும் எலித்தீவும் தெரியும். பக்கத்திலேயே காயலுக்குள் நீளும் விமான நிலைய ஓடுபாதை. இறங்கும் விமானத்தின் சக்கரங்கள் கண் மட்டத்துக்குச் சற்று மேலே கடந்து செல்கையில், காப்பி அருந்திக்கொண்டிருந்த அத்தனை மேசைகளிலும் பேச்சு நின்று, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. குழந்தைகளோடு வருபவர்களுக்கு நாளின் சிறந்த காட்சி இதுவாகவே இருக்கலாம்.

என் முதல் சுற்றுலா கெட்டுப்போனது இதற்குப் பின்புதான். கும்குவாட் என்னும், சீனாவைத் தாயகமாகக் கொண்ட சிறு ஆரஞ்சுப் பழத்தின் மதுவையும் ஆலிவ் மரக் கரண்டிகளையும் விற்கும் கடை ஒன்றில் பேருந்தை நிறுத்தி முக்கால் மணி நேரம் காத்திருக்க வைத்தார்கள். வாங்குபவர்கள் வாங்கட்டும், எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் அந்த முக்கால் மணி நேரமும் பழைய நகரத்துக்கு ஒதுக்கிய நேரத்திலிருந்து கழிந்தது. நகரத்தில் எங்களுக்கு மிஞ்சியது நாற்பது நிமிடம். நிகழ்ச்சி நிரலில் "உள்ளூர்ச் சுவைகள்" என்று இருந்ததன் பொருள் அப்போதுதான் விளங்கியது. நீங்கள் பதிவு செய்யும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, நகரத்தில் எங்களுக்கு எத்தனை மணி நேரம் விடுவீர்கள் என்பதே. இரண்டரை மணி நேரத்துக்குக் குறைவாகச் சொன்னால் வேறு சுற்றுலாவைப் பாருங்கள். அல்லது சுற்றுலா முடிந்ததும் நகரத்திலேயே உங்களை இறக்கிவிடச் சொல்லுங்கள்.

அந்த நகரம் 2007ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 1386 முதல் 1797 வரை வெனிஸின் ஆட்சியிலும், பிறகு பிரெஞ்சுக்காரர்களிடமும், 1815 முதல் 1864 வரை ஆங்கிலேயரின் பாதுகாப்பிலும் இருந்ததால், ஒரே தெருவில் மூன்று நாடுகளின் சுவடு தெரியும். ஓட்டோமான் துருக்கியர்கள் 1716ஆம் ஆண்டு முற்றுகையிட்டும் பிடிக்க முடியாத நகரம் இது. அந்த வெற்றிக்குத் தீவின் காவல் புனிதரான ஸ்பிரிடோனே காரணம் என்று மக்கள் நம்புகிறார்கள். அவர் உடல் வைக்கப்பட்டுள்ள வெள்ளிப் பேழைக்கு முன் முதிய பெண்கள் வரிசையில் நிற்பதை எந்நாளும் காணலாம்; தீவில் ஆண்களை ஸ்பிரோஸ் என்று கூப்பிட்டால் பலர் திரும்பிப் பார்ப்பார்கள்.

தமிழருக்கு இங்கே ஒரு தனிச் செய்தி உண்டு. அதை எந்த வழிகாட்டியும் எனக்குச் சொல்லவில்லை. ஸ்பியனாடா என்னும் பெருந்திடலின் வட முனையில், ஆங்கிலேயர் 1819க்கும் 1824க்கும் இடையே கட்டிய புனித மிக்கேல், புனித ஜார்ஜ் அரண்மனை நிற்கிறது. அதன் முன்னால், சிறு நீர்த்தொட்டிக்குப் பின்னே, உரோமானியரைப் போல மேலாடை சுற்றிய ஒரு வெண்கல மனிதர் நிற்கிறார். அவர் சர் ஃப்ரெடெரிக் ஆடம்; நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்தவர் என்பதால் காலடியில் தண்ணீர். இங்கே 1832 வரை ஆங்கிலேயரின் உயர் ஆணையராக இருந்துவிட்டு, அதே ஆண்டு சென்னைக்கு வந்து, 1837 வரை மதராஸ் மாகாணத்தின் ஆளுநராகப் பணியாற்றினார். அவர் தம் கோர்ஃபு மனைவிக்காகக் கட்டிய மோன் ரெபோ என்னும் மாளிகையில்தான், 1921ஆம் ஆண்டு, பின்னாளில் பிரிட்டனின் இரண்டாம் எலிசபெத் அரசியின் கணவரான இளவரசர் பிலிப் பிறந்தார். திடலின் மறு முனையில் உள்ள வட்ட மண்டபமோ ஆடத்துக்கு முன் ஆணையராக இருந்த தாமஸ் மெய்ட்லண்டின் நினைவுக்கானது. அவர் அதற்கு முன் 1805 முதல் 1811 வரை இலங்கையின் ஆளுநர். கொழும்புக்குத் தெற்கே கல்கிசையில் மாளிகை கட்டி வாழ்ந்தவர். கோட்டைகளும் துறைமுகங்களும் இருந்த ஊர்களுக்கு இடையே பேரரசு தன் அதிகாரிகளை எப்படி மாற்றிக்கொண்டிருந்தது என்பதை, ஒரே திடலின் இரு முனைகளுக்கு நடந்து தெரிந்துகொண்டேன். ஆடத்தின் பின்னால் உள்ள அரண்மனையில் இப்போது ஆசியக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. சீன, ஜப்பானியப் பொருட்களே மிகுதி என்றாலும் இந்தியச் சிற்பங்களையும் பார்க்கலாம்.

அதே திடலில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். 1823ஆம் ஆண்டு ஆங்கிலேயக் கப்பற்படையினருக்கும் காவற்படையினருக்கும் நடந்த ஆட்டத்தோடு தொடங்கிய வழக்கம், ஆங்கிலேயர் போன பின்பும் உள்ளூர்க்காரர்களிடம் நிலைத்துவிட்டது. ஒரு பக்கம் கார்கள் நிற்க, மறுபக்கம் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய லிஸ்டன் வளைவு மண்டபங்களில் மக்கள் காப்பி அருந்த, நடுவே விரித்த பாயில் பந்து வீசிக்கொண்டிருந்தார்கள். அப்பா அடுத்த ஓவர், அடுத்த ஓவர் என்று அரை மணி நேரம் நகர மறுத்தார். அங்கே சித்சிபீரா என்ற பானத்தைக் கேட்டு வாங்குங்கள். இஞ்சியும் எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்த்துப் புளிக்க வைத்தது, அதுவும் ஆங்கிலேயர் விட்டுச் சென்றதே.

உணவைப் பற்றிக் கேட்கவில்லை என்றாலும் பெற்றோர் வருவதால் சொல்கிறேன். கிரேக்கச் சமையலில் பொதுவாகக் காரம் இல்லை. இந்தத் தீவில் உண்டு. சிகரெல்லி என்பது காட்டுக் கீரைகளைப் பூண்டும் மிளகாய்த்தூளும் சேர்த்து எண்ணெயில் வதக்குவது. சைவம் மட்டும் உண்ணும் என் அம்மா அதை ரொட்டியோடு சாப்பிட்டுவிட்டு, கீரை சற்றுக் கூடுதலாக வெந்துவிட்டது என்று மட்டும் குறை சொன்னார். மீன் உண்பவர்களுக்கு பூர்தெத்தோ என்னும் சிவந்த மிளகாய்க் குழம்பு இருக்கிறது. பாஸ்தித்சாதா என்ற இறைச்சி உணவில் பட்டை, கிராம்பு மணக்கும். சுற்றுலாவோடு சேர்த்து விற்கப்படும் மதிய உணவில் இவை எதுவும் பெரும்பாலும் வராது. உணவில்லாத சுற்றுலாவை வாங்கி நகரச் சந்துகளில் சாப்பிடுங்கள்.

கிரேக்கத்தில் வழிகாட்டியாகப் பணியாற்ற அரசின் உரிமம் வேண்டும். உரிமம் பெற்றவர் நாள் முழுதும் உடன் வருகிறாரா, அல்லது ஓட்டுநரே கதை சொல்கிறாரா என்று கேளுங்கள். ஓட்டுநர் சொல்வதும் சுவையாக இருக்கும், ஆனால் அரண்மனைக்குள்ளும் அருங்காட்சியகத்திலும் அவர் விளக்கமளிக்க இயலாது. சொகுசுக் கப்பலில் வருபவர்களாக இருந்தால், கப்பல் நிறுவனமே விற்கும் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், வெளியே வாங்கியதற்குக் காத்திருக்காது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இன்னொன்று, இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு. எதிரே தெரியும் மலைகள் அல்பேனியாவுடையவை. அங்கே போய்வரும் ஒரு நாள் சுற்றுலாவையும் துறைமுகத்தில் இதே பலகையில் விற்பார்கள், விலையும் ஏறக்குறைய இதேதான். ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குச் செல்ல உதவும் ஷெங்கன் எல்லைக்குள் அல்பேனியா இல்லை. ஒரு முறை மட்டும் நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசாவோடு அந்தப் படகில் ஏறினால், மாலையில் கோர்ஃபுவுக்குத் திரும்ப அனுமதி கிடைக்காது. உங்கள் பெட்டிகளோ இந்தக் கரையில் விடுதியில் இருக்கும். சீட்டு வாங்கும் முன் விசாவில் எத்தனை நுழைவு என்று எழுதியிருக்கிறது என ஒவ்வொருவருடையதையும் எடுத்துப் பாருங்கள்.