கேள்வி–பதில்: 250 சொற்களில் என்ன எழுதுவது?

கேள்வி: ஐயா, நான் இவ்வாண்டு கணக்கியல் துறையில் பட்டம் பெற்றேன். கோலாலம்பூரில் உள்ள ஒரு வங்கியின் பட்டதாரிப் பயிற்சித் திட்டத்துக்கு இணையம்வழி விண்ணப்பிக்கிறேன். எங்கள் வங்கியில் ஏன் சேர விரும்புகிறீர்கள், ஒரு சிக்கலை நீங்களே முன்வந்து தீர்த்த அனுபவம் என்ன, மேலதிகாரி செய்தது தவறு என்று தோன்றினால் என்ன செய்வீர்கள் என்று படிவத்தில் மூன்று கேள்விகள் உள்ளன. ஒவ்வொரு பதிலும் 250 சொற்களைத் தாண்டக் கூடாது. இரண்டாவது கேள்வியில் நான் நின்றுவிட்டேன். என் நண்பர்கள் பெரிய நிறுவனங்களில் தொழிற்பயிற்சி செய்தவர்கள். நானோ விடுமுறைகளில் அப்பாவின் மளிகைக் கடையில்தான் நின்றேன். 555 புத்தகத்தில் இருந்த கடன் கணக்கை எக்செல்லில் ஏற்றியதைத் தவிர அங்கே பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. இதை எழுதலாமா?
– ஒரு வாசகர், பட்டர்வொர்த்

பதில்: “பெரிதாக ஒன்றும் செய்யவில்லை” என்று நீங்கள் கடந்துபோன இடத்தில்தான் உங்கள் பதில் இருக்கிறது. சட்டைப் பைக்குள் அடங்கும் அந்த 555 புத்தகம் இல்லாத மளிகைக் கடை நம் நாட்டில் ஒரு காலத்தில் அரிது. ஆளுக்கொரு பக்கம், வாங்கியதும் கொடுத்ததும் ஒன்றன்கீழ் ஒன்றாக. யார் எவ்வளவு தர வேண்டும் என்பதை அது சொல்லும். எத்தனை நாளாகத் தரவில்லை என்பதை அவ்வளவு எளிதில் சொல்லாது. அந்தக் கணக்கை எக்செல்லில் ஏற்றித் தேதிவாரியாகப் பிரித்துப் பார்த்தீர்கள் என்றால், பாக்கிகளை வயதுவாரியாகப் பகுப்பது என்று உங்கள் பாடநூல் சொல்லும் வேலையைத்தான் செய்திருக்கிறீர்கள். வங்கியும் இதையே பெரிய அளவில் செய்கிறது. தவணை மூன்று மாதங்களுக்கு மேல் தவறிய கடனை வாராக்கடன் வரிசைக்கு மாற்றி, அதனால் வரக்கூடிய இழப்புக்கென இலாபத்திலிருந்து ஒரு தொகையை ஒதுக்கி வைக்கிறது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு வங்கியின் கடன் பிரிவில் இருந்து, இத்தகைய விண்ணப்பங்களையும் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நிறுவனத்தின் பெயர் பெரிதாகவும், அங்கே விண்ணப்பதாரர் என்ன செய்தார் என்பது புகைமூட்டமாகவும் இருக்கும் பதில்களே மிகுதி. அவற்றைவிட உங்கள் அப்பாவின் கடை எவ்வளவோ மேல்.

ஆனால் எக்செல்லில் ஏற்றியதோடு கதையை நிறுத்திவிடாதீர்கள். தொடங்கியபோது எத்தனை பேருடைய கணக்கு இருந்தது, மொத்தப் பாக்கி எத்தனை ரிங்கிட், அதில் மூன்று மாதம் கடந்தது எவ்வளவு, சில மாதங்களுக்குப் பின் அது என்னவாயிற்று என்ற நான்கு எண்களையும் இன்றிரவே அப்பாவிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சரியாகத் தெரியாததை ‘ஏறத்தாழ’ என்று சொல்லி எழுதுங்கள். எண்ணைக் கற்பனை செய்யாதீர்கள், ஏனென்றால் நேர்முகத் தேர்வில் முதலில் தோண்டப்படுவது அந்த எண்தான். அதன்பின் நீங்கள் முடிவெடுத்த இடத்துக்கு வாருங்கள். பட்டியலைப் பார்த்த பிறகு யாருக்குக் கடன் கொடுப்பதை நிறுத்தினீர்கள், யாருக்கு நிறுத்தவில்லை? நெடுங்காலமாகக் கடைக்கு வரும் பாட்டியிடம் பாக்கியைக் கேட்க அப்பா தயங்கியிருக்கக்கூடும். நீங்கள் வேறுவிதமாக நினைத்திருக்கக்கூடும். இருவரும் எங்கே இணங்கினீர்கள்? வசூலாக வேண்டிய பணத்துக்கும் இழக்கக் கூடாத வாடிக்கையாளருக்கும் நடுவே நின்று எடுத்த அந்த முடிவுதான் கடன் அதிகாரியின் அன்றாட வேலை. அப்பா இன்னமும் புத்தகத்தில்தான் எழுதுகிறார், வாரக் கடைசியில் நீங்கள்தான் கணினியில் ஏற்றுகிறீர்கள் என்றால் அதையும் மறைக்க வேண்டியதில்லை. கிளைகளில் புதிய மென்பொருளைப் புகுத்தப் படாதபாடு பட்ட அதிகாரி அந்த வரியைப் படித்துச் சிரித்துக்கொள்வார்.

இன்னொரு தடை நம் வளர்ப்பிலிருந்து வருவது. “நான் செய்தேன்” என்று சொல்ல நமக்கு நா கூசுகிறது. “கடையில் இப்படிச் செய்தோம்” என்றே எழுதுகிறோம். வீட்டில் அது பண்பு. விண்ணப்பத்தில், யார் என்ன செய்தார் என்று பிரித்தறிய முடியாத கணக்காகிவிடுகிறது. அப்பா செய்ததை அப்பா செய்தார் என்றும், நீங்கள் செய்ததை நான் செய்தேன் என்றும் தனித்தனியே எழுதுங்கள். அதில் தற்பெருமை எதுவும் இல்லை. கடையைப் பற்றிய அறிமுகத்துக்கு இரண்டு வரி போதும், ஏறத்தாழ 150 சொற்களை உங்கள் செயலுக்கே ஒதுக்குங்கள்.

நீங்கள் படகேறி அக்கரைக்குப் போனால், பினாங்கு வீதியில் நகரத்தார் கிட்டங்கி எனப்படும் தொழிற்கூடம் வைத்துக் கடன் கொடுக்கும் தொழில் செய்த இடத்தைப் பார்க்கலாம். அங்கே தொழில் பழகச் சேர்ந்தவனைப் பெட்டியடிப் பையன் என்பார்கள். ஏவிய வேலைகளைச் செய்துகொண்டே கணக்கு எழுதக் கற்று, பிறகு அடுத்தாள் எனும் மேல்நிலைக்கு உயர்வான். பட்டதாரிப் பயிற்சித் திட்டம் என்று இன்று அழைக்கப்படுவதும் ஏறக்குறைய அதுதான். கடையில் நின்ற அனுபவத்தை அவர்கள் யாரும் குறைவாக நினைத்திருக்க மாட்டார்கள்.

முதல் கேள்விக்கு வருவோம். “தங்களின் மேலான நிறுவனத்தில்” என்று பள்ளியில் படித்த அலுவல் கடிதத்தின் நடையில் தொடங்காதீர்கள். வங்கி தொடங்கிய ஆண்டையும் கிளைகளின் எண்ணிக்கையையும் அவர்களுக்கே எடுத்துச் சொல்லவும் வேண்டாம். அந்த வங்கியின் கடைசி ஆண்டறிக்கையை எடுத்து, கடன்கள் எத்தகையவை, வைப்புத்தொகைகள் எத்தகையவை என்ற இரண்டு பகுதிகளை மட்டும் பொறுமையாகப் படியுங்கள். நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2025 ஜூலை 9 அன்று ஓ.பி.ஆர். எனப்படும் அடிப்படை வட்டி விகிதத்தை 3.00 விழுக்காட்டிலிருந்து 2.75 விழுக்காட்டுக்குக் குறைத்தது. மாறும் வட்டியில் கொடுத்த வீட்டுக் கடன்களின் வட்டி உடனே இறங்கும். ஆனால் முன்பே ஒப்புக்கொண்ட நிரந்தர வைப்புக்கு, அது முதிரும் நாள்வரை பழைய வட்டியைத்தான் வங்கி கொடுத்தாக வேண்டும். அந்த இடைவெளியில் வங்கியின் வருமானம் சுருங்கும். நீங்கள் விண்ணப்பிக்கும் வங்கியில் வீட்டுக் கடனின் பங்கு எவ்வளவு, நிரந்தர வைப்பின் பங்கு எவ்வளவு என்று பார்த்து, இதைக் கையாளும் பிரிவில் பழக விரும்புவதாக நான்கு வரி எழுதினால், ஆண்டறிக்கையைத் திறந்து பார்த்தவர் என்பது சொல்லாமலே விளங்கும்.

விண்ணப்பிப்பது இஸ்லாமிய வங்கிக்கு என்றால் ஒரு சொல்லில் கவனம் தேவை. அங்கே வட்டி கிடையாது. முராபஹா என்பது பொருளை வாங்கி, அறிவிக்கப்பட்ட இலாபத்தைச் சேர்த்து விற்கும் ஏற்பாடு. எனவே இலாப விகிதம் என்றுதான் எழுத வேண்டும். வழக்கமான வங்கிக்கு எழுதிய பதிலை அப்படியே ஒட்டி, வட்டி வருமானத்தைப் புகழ்ந்து அனுப்பியவர்களை நான் கண்டிருக்கிறேன். அதேபோல், 2022 ஏப்ரலில் உரிமம் அறிவிக்கப்பட்ட, இணையம்வழியே இயங்கும் ஐந்து மின்னியல் வங்கிகளில் ஒன்றுக்கு எழுதும்போது, முகப்பில் அமர்ந்து வாடிக்கையாளரைச் சந்திக்க ஆசை என்று சொல்லிவிடாதீர்கள்.

மூன்றாவது கேள்வி நேர்மையைச் சோதிப்பதுபோல் தெரிந்தாலும், உண்மையில் நடைமுறை அறிவையும் சேர்த்தே சோதிக்கிறது. “உடனே காவல்துறையிடம் சொல்வேன்” என்பதும், “மேலதிகாரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்” என்பதும் ஒரே அளவு பலவீனமான பதில்கள். முதலில் நீங்கள் பார்த்ததை ஆவணத்தோடு சரிபார்ப்பீர்கள். பிழையாக இருக்கலாம் என்பதால் அவரிடமே கேட்பீர்கள். விளக்கம் பொருந்தவில்லை என்றால் சட்டவிதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் இணக்கப் பிரிவிடமோ, வங்கி இதற்கென வைத்திருக்கும் புகார் வழியிலோ தெரிவிப்பீர்கள். ஆனால் கறுப்புப் பணம் பற்றிய சந்தேகம் என்றால் இந்த வரிசை பொருந்தாது. 2001ஆம் ஆண்டின் பணச்சலவைத் தடுப்புச் சட்டத்தின்படி, சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனை பற்றி அறிக்கை கொடுத்ததைச் சம்பந்தப்பட்டவரிடம் கசியவிடுவதே குற்றம். நல்லெண்ணத்தில் வாடிக்கையாளரை அழைத்து, “உங்கள்மேல் புகார் எழுதியிருக்கிறோம்” என்று சொல்வேன் என எழுதுபவர் தம்மை அறியாமலே தவறான பதிலை எழுதுகிறார்.

இதன் உறவினர்முறைக் கேள்வி ஒன்றும் வரலாம்: உங்கள் மாமா தொலைபேசியில் அழைத்து, பெண் கேட்டு வந்த வீட்டாரின் கணக்கில் எவ்வளவு இருக்கிறது, பேங்க் நெகாரா தொகுக்கும் கடன் விவரப் பதிவான சிசிரிஸ் அறிக்கையில் கடன் பாக்கி உண்டா என்று பார்த்துச் சொல்லச் சொன்னால்? 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டம் வாடிக்கையாளரின் விவரத்தை வெளியிடுவதைத் தடை செய்கிறது. மாமாவும் அதில் அடக்கம். முடியாது என்று எழுதுவது எளிது. அவர் மனம் கோணாமல் எப்படிச் சொல்வீர்கள் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்.

கேள்வி: என் சராசரிப் புள்ளி 2.87. படிவம் குறைந்தது 3.00 கேட்கிறது. இறுதியாண்டில் மட்டும் கணக்கிட்டால் 3.2 வருகிறது, அதைப் போடலாமா? எதிர்பார்க்கும் சம்பளம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? பிடிபிடிஎன் என்ற அரசாங்க உயர்கல்விக் கடன் வேறு இருக்கிறது.
– ஒரு வாசகி, செந்தூல்

பதில்: மொத்தச் சராசரியைக் கேட்கும் கட்டத்தில் 2.87 என்றுதான் இட வேண்டும். மதிப்பெண் பட்டியலைக் கேட்டுச் சரிபார்க்கும்போது மாற்றிய எண் உங்களை வெளியேற்றிவிடும், அதற்குப் பிறகு விளக்கத்துக்கு இடமிருக்காது. இறுதியாண்டு 3.2 என்பதைக் கூடுதல் தகவலுக்கான கட்டத்தில் காரணத்தோடு எழுதுங்கள். 3.00 நிபந்தனையைக் கணினியே சலிக்கும் இடங்களில் நேரத்தை வீணாக்காமல், நேரடி வேலைக்கு ஆளெடுக்கும் கிளைப் பணிகளுக்கும் காப்புறுதி, தணிக்கை நிறுவனங்களுக்கும் விண்ணப்பிப்பது மேல். சம்பளக் கட்டத்தில், அதே பணிக்கான அண்மைய விளம்பரங்களில் கண்ட தொகையை ஒட்டி ஒரு வரம்பைக் கொடுங்கள். பிடிபிடிஎன் கடனைக் காரணமாகக் காட்டாதீர்கள். அது உங்கள் செலவு, பணியின் மதிப்பு அன்று.

கேள்வி: என் மகன் ஆங்கிலத்தில் எழுதத் தடுமாறுகிறான். அவன் அக்காள் வழக்கறிஞர்; அவளே எழுதிக் கொடுக்கலாமா? இல்லையென்றால் சாட்ஜிபிடியிடம் கேட்கிறேன் என்கிறான்.
– ஒரு தாய், ஆயர் ஈத்தாம்

பதில்: அம்மா, இரண்டும் வேண்டாம். அக்காள் எழுதினால் பதில் வழக்கறிஞரின் பதிலாக இருக்கும். இயந்திரம் எழுதினால் அதே வாரத்தில் வந்த மற்ற விண்ணப்பங்களின் பதிலாக இருக்கும். நேர்முகத்தில் “இங்கே இப்படி எழுதியிருக்கிறீர்களே, அன்று என்ன நடந்தது?” என்று கேட்கும்போது உட்கார்ந்திருப்பவன் உங்கள் மகன் மட்டுமே. வேறொன்று செய்யுங்கள். மாலைத் தேநீரின்போது அக்காள் அவனிடம் படிவத்தின் கேள்வியைக் கேட்கட்டும், அவன் தமிழிலேயே பதில் சொல்லட்டும்; அவள் குறுக்கிடாமல் குறிப்பெடுத்து, “எப்போது? எத்தனை பேர்? அப்புறம் நீ என்ன செய்தாய்?” என்று மட்டும் கேட்க வேண்டும். அந்தக் குறிப்பிலிருந்து அவனே ஆங்கிலத்தில் எழுதிய பிறகு, பிழை திருத்த அக்காளின் பேனாவைக் கொடுக்கலாம். அனுப்பும் முன் ஒரு படி எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பல வலைத்தளங்களில் அனுப்பிய பிறகு பதிலைத் திரும்பப் பார்க்க முடியாது, நேர்முக அழைப்போ இரண்டு மாதம் கழித்தும் வரும்.