வாசகர் கேள்வி–பதில்: கிராஸ் கன்ட்ரி குதிரைத் தாண்டல்

கேள்வி: டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் ஃபுவாத் மிர்சா பங்கேற்ற குதிரையேற்றப் போட்டியைப் பார்த்தேன். அரங்குக்குள் நடக்கும் தாண்டலில் குதிரையின் கால் பட்டால் கம்பு விழுந்துவிடுகிறது. திறந்தவெளியில் நடந்த கிராஸ் கன்ட்ரியிலோ பெரிய மரத்தடிகளே தடைகளாக இருந்தன. இவ்வளவு ஆபத்தான ஒன்றை ஏன் நடத்துகிறார்கள்? – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் பார்த்தது ஈவென்டிங் போட்டியின் இரண்டாம் கட்டம். டிரஸ்ஸாஜ் (வீரரின் சைகைக்கேற்பக் குதிரை நடையசைவுகளைச் செய்து காட்டுதல்), கிராஸ் கன்ட்ரி, அரங்கத் தாண்டல் ஆகிய மூன்றையும் ஒரே வீரர் ஒரே குதிரையில் முடிக்க வேண்டும். இராணுவக் குதிரைகளின் தகுதியைச் சோதிப்பதற்காக உருவான இப்போட்டி 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. வயல்வெளிச் சுவரும் ஓடையும் பள்ளமும் குதிரைக்காக விலகி வழிவிடுவதில்லை என்பதால், அவற்றைப் போலவே தடைகளையும் உறுதியாக அமைத்தார்கள்.

வீரர் தூக்கி எறியப்படுவதைவிடக் கொடிய ஆபத்து, குதிரையே குட்டிக்கரணம் அடித்து விழுவதுதான். முன்னங்காலின் மேற்பகுதியோ மார்போ தடையில் மோதி நின்றுவிட, ஓடிவந்த வேகம் முழுவதும் பின்னுடலை மேலே தூக்கிப் புரட்டுகிறது. ஏறத்தாழ ஐந்நூறு கிலோ எடை வீரரின் மேலேயே வந்து விழக்கூடும். 1999ஆம் ஆண்டில் பிரிட்டனில் மட்டும் ஐந்து வீரர்கள் இப்போட்டிகளில் உயிரிழந்தனர். அந்த இழப்புக்குப் பிறகுதான் பாதுகாப்பைப் பற்றிய ஆய்வு முழுவேகத்தில் தொடங்கியது. இன்று பல தடைகளில் குறுக்குமரத்தைத் தாங்கும் முளை, குறிப்பிட்ட அளவை மீறிய விசை பட்டதும் முறிந்து மரத்தைக் கீழே இறக்கிவிடுகிறது. விழும் வீரர் சேணத்திலிருந்து பிரிந்த கணமே காற்று நிரம்பி விரியும் மேலுறைகளும் வந்துள்ளன. ஆயினும் ஒரு குதிரையின் முழு எடையிலிருந்து உயிரைக் காப்பதற்கு எந்த உறையும் உறுதி தர முடியாது என்பதை மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

கேள்வி: அப்படியிருந்தும் அதில் என்ன இன்பம் காண்கிறார்கள்? – வாசகர், திருச்சி

பதில்: போட்டிக்கு முன் வீரர்கள் பாதை முழுவதையும் நடந்து பார்த்து, ஒவ்வொரு திருப்பத்தையும் மனத்தில் பதித்துக்கொள்வார்கள், குதிரை அந்தப் பாதையைக் கண்டதே இல்லை. 1949 முதல் இங்கிலாந்தின் பேட்மின்டன் என்னும் ஊரில் நடைபெறும் குதிரையேற்றப் போட்டியைப் போன்ற உயர்நிலைப் பந்தயங்களில் நிமிடத்துக்கு 570 மீட்டர் என்னும் வேகத்தில் ஆறு கிலோமீட்டருக்கும் மேல் ஓட வேண்டும். 1.20 மீட்டர் உயரமுள்ள மரத்தடிகளும் அகலமான பள்ளங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

நீர்த்தடையை நெருங்கும் குதிரையைக் கவனியுங்கள். காதுகள் இரண்டும் முன்னோக்கி நிமிர்கின்றன. தண்ணீரின் ஆழம் அதற்குத் தெரியாது. வீரர் முதுகைப் பின்னுக்குச் சாய்த்து, கடிவாள வாரை விரல்களுக்கிடையே நழுவவிட்டு, குதிரை தன் கழுத்தை நீட்டி நிலைகொள்ள இடம் கொடுக்கிறார். நெற்றிக்கு நேர் முன்னால் மிக அருகில் உள்ளதைக் குதிரையால் பார்க்க முடியாது. ஆகவே கால்களை உயர்த்தும் நொடியில் தடை அதன் பார்வையிலிருந்து மறைந்திருக்கும். கடைசிச் சில எட்டுகளில் கண்டதையும், முதுகின் மேல் இருப்பவரையும் நம்பித்தான் அது பாய்கிறது. இந்த நம்பிக்கை வேறெந்த விளையாட்டிலும் இவ்வளவு தெளிவாக வெளிப்படுவதாக எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: வீரர் விரும்பி வருகிறார், குதிரை என்ன பாவம் செய்தது? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: நியாயமான கேள்வி. அதே டோக்கியோ போட்டியில் சுவிட்சர்லாந்து அணியின் ஜெட் செட் என்னும் குதிரைக்குக் காலில் தசைநார் அறுந்து, குணப்படுத்த முடியாத நிலையில் அதைக் கருணைக்கொலை செய்ய நேர்ந்தது. குதிரை தாண்ட மறுப்பதற்கு விதிகளில் இடம் உண்டு: முதல் மறுப்புக்கு 20 தண்டப் புள்ளிகள், மூன்றாம் மறுப்புக்கு வெளியேற்றம். களைத்துப்போன குதிரையை மேலும் விரட்டுவது விதிப்படி குற்றம். பதக்கம் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும்போதும், குதிரையின் ஓட்டம் தளர்ந்ததை உணர்ந்து பாதியிலேயே நிறுத்திவிடும் வீரரையே நான் சிறந்த குதிரையேற்றக்காரர் என்பேன். அரங்கத் தாண்டலுக்கு முன் ஒவ்வொரு குதிரையையும் நடுவர்களும் கால்நடை மருத்துவரும் ஓடவிட்டுப் பார்ப்பார்கள். நொண்டும் குதிரைக்கு அத்துடன் போட்டி முடிந்துவிடும்.