போர்வெல்லை ஆழப்படுத்தலாமா, கிணற்றை மூடலாமா?

கேள்வி: எங்கள் வீடு புதுவண்ணாரப்பேட்டையில், கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 600 சதுர அடி மொட்டை மாடி, மூன்று குடித்தனம். 80 அடி போரில் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. 200 அடி இறக்கினால் நல்ல தண்ணீர் வரும் என்கிறார் போர் போடுபவர். கொல்லையில் பழைய உறைக்கிணறு ஒன்று சும்மா கிடக்கிறது. அதை மூடிவிட்டு வண்டி நிறுத்தலாமா? தண்ணீரைச் சேமியுங்கள் என்று மாநகராட்சி ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டுப் போகிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கிணற்றை மூடாதீர்கள். போரைத் தொடாதீர்கள். மற்றவற்றைப் பிறகு பேசலாம்.

கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துதான் நிற்கிறது. கணக்குப்படி, கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் இருந்தால் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் நிற்கும். மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறும். இப்படிப்பட்ட இடத்தில் 200 அடிக்குப் போவது உப்பைத் தேடிப் போவதுதான். மீஞ்சூர்ப் பக்கம் பல ஆண்டுகள் அளவின்றி உறிஞ்சியதில் கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. அதற்கு எதிர்மாறான சான்று உங்கள் வீட்டுக்கு இன்னும் அருகில் இருக்கிறது. 1772-இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குத் தண்ணீர் கொடுத்தவை ஆழம் குறைந்த கிணறுகள். ஏழுகிணறு என்ற பகுதியின் பெயர் அப்படி வந்ததுதான்.

ஆகவே மாடியில் விழும் மழையைக் கொல்லைக் கிணற்றுக்குக் கொண்டுபோங்கள். 600 சதுர அடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 550 லிட்டர். சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 140 சென்டிமீட்டர். சேதாரம் போக 60,000 லிட்டர் சேரும், அதாவது 6,000 லிட்டர் லாரி பத்து. இதைத் தெருவில் ஓடவிட்டு, கோடையில் லாரிக்குக் குடத்தோடு காத்து நிற்கிறோம்.

வேலை எளிது, ஆனால் கொத்தனாரை அருகில் நின்று பார்க்க வேண்டும். முதலில் கிணற்றைத் தூர்வாருங்கள். மேலே உள்ள பத்தடி உறைகளின் இணைப்புகளைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிடுங்கள். வடசென்னையின் நெருக்கமான தெருக்களில் பழைய சாக்கடைக் குழாய்கள் கசியும். அந்தக் கசிவு மேல் இணைப்புகள் வழியாகத்தான் இறங்கும். மாடிக் குழாயை நேராகக் கிணற்றில் விடாமல், ஜல்லியும் மணலும் நிரப்பிய சிறு தொட்டி வழியாக விடுங்கள். பருவத்தின் முதல் மழை காக்கை எச்சத்தையும் தூசியையும் அடித்துக்கொண்டு வரும். அதை வெளியே திருப்பிவிட ஒரு வால்வு போதும். கிணற்றுக்குள் குழாய் தண்ணீர்மட்டம் வரை இறங்கட்டும். உயரத்திலிருந்து கொட்டினால் அடிமணல் கலங்கி, ஊற்றுக்கண் அடைந்துபோகும்.

மழைநீர் சேகரிப்பு 2003-இல் சட்டமானபோது, அதிகாரி வந்து பார்ப்பதற்காகவே ஓரடிக் குழி தோண்டி மூடி போட்ட வீடுகள் ஏராளம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு குழி இருந்தால் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே சேறு இறுகியிருந்தால் அது தண்ணீரை வாங்காது. வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் களிமண் வந்தால் கதை வேறு. மணல் தட்டும்வரை துளை இறக்க வேண்டும். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா என்பீர்கள். வேண்டாம், புழக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2013-இல் தண்டையார்பேட்டையில் எண்ணெய்க் குழாய் கசிந்து நிலத்தடி நீரில் டீசல் கலந்தது. எண்ணெய் வாடை வந்தால் தொடவே வேண்டாம், உடனே பரிசோதனைக்குக் கொடுங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி, மழைக்கு முன்னும் பின்னும் கிணற்று நீரை அளந்து சுவரில் எழுதி வையுங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியில்லாதபோது 2,000 வரை அனுமதி.

வீட்டுக்குள் மிச்சம் பிடிக்கும் இடங்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். சம்ப்பில் மிதவை வால்வு தேய்ந்திருந்தால், மெட்ரோ தண்ணீர் விடியற்காலையில் வரும்போது யாருக்கும் தெரியாமல் வழிந்து ஓடும். மூன்று குடித்தனத்தில் அது யார் வேலை என்ற கேள்வியிலேயே வருஷம் போய்விடும். வீட்டுக்காரரான நீங்களே மாற்றிவிடுங்கள். அடுத்தது கழிப்பறை. ஃபிளஷ் தொட்டியில் சொட்டு நீலம் நாலு துளி விட்டு, அரை மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் பாருங்கள். பீங்கானில் நீலம் இறங்கினால் ரப்பரை மாற்ற வேண்டும்.

ஆர்.ஓ. இயந்திரம் இருந்தால் அதன் கழிவு நீரைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் ஊற்றுங்கள். செடிக்கும் கிணற்றுக்கும் விடாதீர்கள், அதில் உப்பு கூடுதலாக இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். கொத்தனாரிடம் ஆகஸ்டிலேயே சொல்லி வையுங்கள், மழை வந்தபின் அவர் கிடைக்க மாட்டார்.