பழைய கணினியை டிவியுடன் இணைத்துப் படம் பார்க்க எந்த இலகுவான இயங்குதளம் ஏற்றது?

குடியாத்தத்தில் பெற்றோர் வீட்டில் விண்டோஸ் 7 உடன் இருக்கும் இரண்டாம் தலைமுறை ஐ3 கணினியை டிவியுடன் இணைத்து, சேர்த்து வைத்திருக்கும் படங்களையும் பாடல்களையும், அவ்வப்போது யூடியூபையும் பார்க்க வேண்டும்; 4 ஜிபி ரேமுக்கு எந்த லினக்ஸ் இலகுவாக இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக் கூடத்திலும் ஏறக்குறைய இதே வயதுள்ள கணினிதான் டிவிக்குக் கீழே இருக்கிறது என்பதால், அதை வைத்துச் சொல்கிறேன்.

இலகுவான இயங்குதளங்களுக்குள் ரேம் பயன்பாட்டில் இருக்கும் வேறுபாடு சில நூறு எம்பிதான். படம் தடங்கலின்றி ஓடுமா என்பதைத் தீர்மானிப்பது கிராபிக்ஸ் சிப்பு. 2011இல் வந்த உங்கள் ஐ3இன் கிராபிக்ஸ், எச்.264, எம்பெக்-2 வகை வீடியோக்களைத் தானே விரித்துக் காட்டிவிடும். பிராசசருக்கு அதில் பெரிய வேலை இருக்காது. எச்.265க்கு அந்த வசதி இன்டெல்லின் ஆறாம் தலைமுறையில்தான் வந்தது, அதன் 10 பிட் வகைக்கு ஏழாம் தலைமுறை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே கோப்பின் பெயரில் எக்ஸ்265 என்று (அதாவது எச்.265 வகை என்று) இருந்தால், 1080 தரத்தில் பிராசசர் மூச்சு வாங்கிக்கொண்டு ஓட்டும், 4கே என்றால் ஓட்டாது. எந்த இயங்குதளத்தைப் போட்டாலும் இது மாறப்போவதில்லை. உங்கள் சேகரிப்பில் எந்த வகை மிகுதி என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

சேகரித்த படங்களும் பாடல்களும் மட்டுமே போதும் என்றால் நான் தயங்காமல் லிப்ரேஎலெக் என்று சொல்லியிருப்பேன். ஓப்பன்எலெக் என்ற லினக்ஸிலிருந்து 2016இல் பிரிந்து வந்த இந்த இயங்குதளம், கோடி என்ற மீடியா மென்பொருளை ஓட்டுவதற்காகவே செய்யப்பட்டது. கணினியை ஆன் செய்தால் டெஸ்க்டாப் எதுவும் வராமல் நேராகக் கோடியின் திரைதான் வரும். நம் பக்கத்துக்கு இதில் இன்னொரு நன்மை உண்டு. இதன் இயங்குதளம் முழுவதும் சுருக்கப்பட்ட, வாசிக்க மட்டுமே முடிகிற ஒரே கோப்பாக இருப்பதால், கோடையில் சாயங்கால நேரத்தில் சொல்லாமல் கரண்ட் போனாலும் அந்தப் பகுதி கெடுவதில்லை. அமைப்புகளும் உங்கள் கோப்புகளும் வேறு பகுதியில் இருக்கின்றன. அவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. யுபிஎஸ் இல்லாத வீட்டில் இதை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

ஆனால் நீங்கள் யூடியூபும் கேட்கிறீர்கள். லிப்ரேஎலெக்கில் பிரவுசர் உடன் வருவதில்லை. கோடிக்கான யூடியூப் இணைப்போ, கூகுளில் சொந்தமாக ஏபிஐ சாவி (யூடியூபை அணுக அனுமதிக்கும் குறியீடு) எடுத்துப் பதியச் சொல்லும். அது எப்போதாவது மக்கர் செய்தால் குடியாத்தத்தில் இருக்கும் உங்கள் அப்பாவுக்குத் தொலைபேசியில் வழி சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். ஆகவே உங்கள் வீட்டுக்கு டெபியன் 13 என்ற லினக்ஸ், எல்எக்ஸ்கியூடி என்ற இலகுவான டெஸ்க்டாப்புடன் என்பதே என் பரிந்துரை. 2025 ஆகஸ்டில் வெளிவந்த பதிப்பு என்பதால் அடிக்கடி மாற்ற வேண்டிய தேவை இருக்காது. லுபுண்டு என்ற இன்னொரு லினக்ஸிலும் அதே டெஸ்க்டாப்தான் என்றாலும், அதில் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் ஸ்னாப் என்ற சுருக்கிக் கட்டிய பொதி வடிவில் வருவதால் பழைய ஹார்ட் டிஸ்க்கில் திறக்கவே நேரம் பிடிக்கிறது. டெபியன் 13ஐ 32 பிட் கணினிகளில் நிறுவ முடியாது. உங்களுடையது 64 பிட் என்பதால் கவலை இல்லை. 32 பிட் மட்டுமே உள்ள கணினி வைத்திருப்பவர்கள் ஆன்டிஎக்ஸ் என்ற லினக்ஸின் பக்கம் போகலாம்.

நிறுவியபின் கோடி, ஐ965 என்ற பழைய இன்டெல் வீடியோ டிரைவர், நோட்டோ தமிழ் எழுத்துரு ஆகியவை இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லாதவற்றைச் சேருங்கள். புதிய இன்டெல் மீடியா டிரைவர் ஐந்தாம் தலைமுறைக்குக் கீழே உள்ள சிப்புகளுக்கு உதவாது என்பதால்தான் ஐ965ஐக் குறிப்பிட்டுச் சொல்கிறேன். யூடியூப் வாய்ப்புக் கிடைத்தால் விபி9 என்ற வீடியோ வடிவத்தையே அனுப்பும், உங்கள் சிப்புக்கு அதுவும் சுமை. எச்264ஃபை என்ற பிரவுசர் நீட்டிப்பைப் போட்டுவிட்டால் எச்.264 வடிவத்தையே கேட்டு வாங்கும். பாஸ்வேர்டு கேட்காமல் உள்ளே போகவும், உள்ளே போனதும் கோடி தானாகத் திறக்கவும் அமைத்துவிடுங்கள். யூடியூப் வேண்டும்போது மட்டும் கோடியை மூடினால் டெஸ்க்டாப் வரும்.

டிவியில் திரையின் ஓரம் வெட்டுப்பட்டு, கீழே டாஸ்க்பார் பாதிதான் தெரியலாம். இதற்குக் கணினியில் எதையும் மாற்ற வேண்டாம். டிவி ரிமோட்டில் பிக்சர் சைஸ் என்ற இடத்துக்குப் போய், எல்ஜி என்றால் ஜஸ்ட் ஸ்கேன், சாம்சங் என்றால் ஸ்கிரீன் ஃபிட் என்று வைத்தால் முழுத் திரையும் வந்துவிடும். சத்தம் வரவில்லை என்றால், ஒலி வெளியீடு எச்டிஎம்ஐக்கு மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டிவி ரிமோட்டாலேயே கணினியை இயக்கலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். அதற்கான வசதி சாதாரணக் கணினிகளின் எச்டிஎம்ஐயில் பெரும்பாலும் இருப்பதில்லை. கோடிக்குக் கோரே என்ற ஆண்ட்ராய்டு செயலி ரிமோட்டாக நன்றாகவே வேலை செய்கிறது.

கொஞ்சம் செலவு செய்ய முடியும் என்றால் ரேமை விட முதலில் ஒரு சிறிய எஸ்எஸ்டி வாங்குங்கள். இயங்குதளம் அதில் இருக்கட்டும், படங்கள் பழைய ஹார்ட் டிஸ்க்கிலேயே இருக்கட்டும். அக்னி நட்சத்திர வெயிலில், கதவு போட்ட டிவி அலமாரிக்குள் இருக்கும் கணினி சூடேறித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பார்ப்பவருக்கு அது லினக்ஸின் குறை போலத் தெரியும். தூசி தட்டி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றி, வெளியே காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

நிறுவுவதற்கு முன் டெபியனின் லைவ் பதிப்பைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை இயக்கி, டிவியில் படமும் ஒலியும் வருகின்றனவா, வைஃபை பிடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கில் உள்ள பாடல்களையும் படங்களையும் வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுத்த பிறகே நிறுவத் தொடங்குங்கள். பின்னாளில் லிப்ரேஎலெக்குக்கு மாறினால் இது இன்னும் முக்கியம், ஏனெனில் அதன் நிறுவி நீங்கள் தேர்ந்தெடுக்கும் டிஸ்க்கை முழுவதுமாக அழித்துவிட்டுத்தான் அமரும்.