காலையில் ஸ்கூபா, மதியம் விமானம்: சரிப்படுமா?

கேள்வி: ஜனவரிக் கடைசியில் குடும்பத்தோடு ஐந்து நாள் அந்தமான் போகிறோம். எனக்கு 47 வயது, பிபி மாத்திரை சாப்பிடுகிறேன். மனைவிக்கு 42. சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. இப்போதும் பனிக்காலத்தில் இன்ஹேலர் தேவைப்படும். மகனுக்கு 14. மூன்று பேருக்கும் நீச்சல் தெரியாது. ஐந்தாம் நாள் காலை 7 மணிக்கு ஹேவ்லாக் தீவில் ஸ்கூபா, முடிந்ததும் கப்பலில் போர்ட் பிளேர், மதியம் 3 மணிக்குச் சென்னை விமானம் என்று ஏஜென்ட் திட்டம் கொடுத்திருக்கிறார். நீச்சல் தெரியாமல் ஸ்கூபா செய்யலாமா? வேறு எதைக் கவனிக்க வேண்டும்? (மதுரை வாசகர்)

பதில்: நீங்கள் கேட்டது நீச்சலைப் பற்றி. எனக்குக் கவலை தருவதோ அந்த 3 மணி விமானம். காலையில் கடலுக்குள் இறங்கிவிட்டு மதியம் விமானம் ஏறக் கூடாது. முதலில் ஏஜென்டுக்குப் போன் போட்டு இதை மாற்றச் சொல்லுங்கள். மீதியை அப்புறம் பார்க்கலாம்.

காரணம் இதுதான். கடலில் 10 மீட்டர் இறங்கினால் உடலின் மேல் அழுத்தம் இரண்டு மடங்காகிறது. ஸ்கூபாவில் முதுகில் மாட்டிய சிலிண்டரிலிருந்து அந்த அழுத்தத்துக்கு ஈடாகத்தான் காற்று வரும். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். சாதாரணமாக அது உள்ளே போய் அப்படியே வெளியே வந்துவிடும். அழுத்தம் கூடும்போது மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் கரைந்து தங்கிவிடுகிறது. மேலே வந்த பிறகு மூச்சு வழியாக மெதுவாக வெளியேறும். அதற்கு மணிக்கணக்கில் ஆகும்.

அது வெளியேறி முடிவதற்குள் உடலைச் சுற்றியுள்ள அழுத்தம் சட்டென்று குறைந்தால், கரைந்த வாயு குமிழாகக் கிளம்பும், கோலி சோடாவை உடைத்த மாதிரி. மூட்டுவலி, தோலில் அரிப்பு, மரத்துப்போதல், மோசமானால் பக்கவாதம் வரை போகலாம். விமானத்துக்குள் அழுத்தம் தரையில் இருப்பது போலவே இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. விமானம் உயரத்தில் பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் சுமார் 8,000 அடி மலைமேல் இருப்பதற்குச் சமமாகக் குறையலாம். ஊட்டியை விடக் கொஞ்சம் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொல்லப்போனால், புதுச்சேரியில் காலை ஸ்கூபா செய்துவிட்டு இரவோடு இரவாகக் காரில் கொடைக்கானல் ஏறுகிறவரும் இதே தப்பைத்தான் செய்கிறார். அதை யாரும் எச்சரிப்பதில்லை.

எவ்வளவு நேரம் விட வேண்டும்? முக்குளிப்பவர்களின் பாதுகாப்புக்காக இயங்கும் ‘டான்’ அமைப்பின் பரிந்துரை: ஒரே ஒரு முறை இறங்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேற்பட்ட முறையோ, பல நாள் தொடர்ந்தோ இறங்கியிருந்தால் குறைந்தது 18 மணி நேரம். நான் என்னிடம் வருகிறவர்களுக்கு 24 மணி நேரம் என்றே சொல்வேன். கணக்கு சுலபம், வாதமும் குறைவு. உங்கள் திட்டத்தில் இருப்பது ஏழு மணி நேரம்கூட இல்லை. ஆழம் குறைவு, நேரம் குறைவு, ஒன்றும் ஆகாது என்று ஏஜென்ட் சொல்லலாம். பெரும்பாலும் ஆகாதுதான். ஆனால் ஆகிவிட்டால், வைத்தியத்துக்கு வேண்டிய அழுத்த அறை ஹேவ்லாக்கில் கிடையாது. விமானத்துக்குள் நிச்சயமாகக் கிடையாது.

நான் மாற்றித் தருவது: முதல் நாள் போர்ட் பிளேர், செல்லுலார் சிறை. இரண்டாம் நாள் காலைக் கப்பலில் ஹேவ்லாக்; மாலையில் ராதாநகர் கடற்கரை. மூன்றாம் நாள் காலையில் ஸ்கூபா. நான்காம் நாள் போர்ட் பிளேர் திரும்பி அங்கேயே இரவு தங்கல். ஐந்தாம் நாள் விமானம். கடைசி இரவைப் போர்ட் பிளேரில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. காற்று பலமானால் கப்பலை நிறுத்திவிடுவார்கள். ஜனவரியில் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும் என்றாலும், விமானம் பிடிக்க வேண்டிய அதே நாளில் கப்பலை நம்பக் கூடாது. அப்புறம், 2018இல் ஹேவ்லாக் ‘ஸ்வராஜ் த்வீப்’ ஆகிவிட்டது, 2024இல் போர்ட் பிளேர் ‘ஸ்ரீ விஜயபுரம்’ ஆகிவிட்டது. டிக்கெட்டில் அந்தப் பெயர்களைப் பார்த்து வேறு ஊரோ என்று பதற வேண்டாம்.

சரி, நீச்சல். சுற்றுலாப் பயணிகளுக்கான ஒருமுறை ஸ்கூபாவுக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உங்களைப் பிடித்தபடியே ஒரு பயிற்சியாளர் கூட வருவார். உச்சவரம்பு 12 மீட்டர்; முதல்முறை வருகிறவர்களை அவ்வளவுகூட இறக்க மாட்டார்கள். நீச்சல் தெரியாததைவிட, தண்ணீர் முகத்தில் பட்டால் பதறுவதுதான் பிரச்சினை. வீட்டிலேயே ஒரு வாளித் தண்ணீரில் முகத்தை முக்கி, மூக்கைத் தொடாமல் வாயால் குமிழ் விட்டுப் பாருங்கள். சிரிக்காதீர்கள், பாதிப் பேருக்குக் கடலில் தடுமாற்றம் இந்த இடத்தில்தான்.

இங்கே ஒன்று நம் ஆட்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. முக்குளிப்பு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மூச்சடக்கி முத்தெடுப்பது. ஸ்கூபாவில் முதல் விதியே அதற்கு நேர் எதிர்: மூச்சை ஒருபோதும் அடக்காதே. முத்துக்குளிப்பவர் மேலே இழுத்த காற்றோடு கீழே போகிறார். அது ஆழத்தில் சுருங்கி, திரும்பி வரும்போது பழைய அளவுக்கு விரியும். நீங்களோ ஆழத்திலேயே காற்றை இழுக்கிறீர்கள். 10 மீட்டரில் நிரப்பிய ஒரு மார்பளவு காற்று மேலே வரும்போது இரண்டு மார்பளவு ஆகும். வாயை மூடிக்கொண்டு வந்தால் நுரையீரல் கிழியும். இரண்டு மீட்டர் ஆழத்திலிருந்துகூட இது நடக்கலாம். பதற்றம் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்வது மனித இயல்பு. அந்த இயல்பைத்தான் கரையோரத்தில் அரை மணி நேரம் பயிற்சி கொடுத்து மாற்றுகிறார்கள். அந்தப் பயிற்சியைச் சுருக்கி அவசரப்படுத்துகிற இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

அடுத்தது காது. முதல்முறை இறங்குகிறவர்களில் பாதியில் திரும்புகிறவர்கள் பலரும் காதுவலியால் திரும்புகிறவர்கள். அழுத்த மாற்றம் மிக வேகமாக இருப்பது முதல் சில மீட்டர்களில்தான். மூக்கைப் பொத்தி மென்மையாகக் காற்றை ஊத வேண்டும், அதுவும் வலி வருவதற்கு முன்பே, அரை மீட்டருக்கு ஒரு முறை. வலித்த பிறகு ஊதினால் மூக்கிலிருந்து காதுக்குப் போகும் குழாய் திறக்காது. பலமாக ஊதினால் செவிப்பறைக்கு ஆபத்து. வலித்தால் கொஞ்சம் மேலே வந்து மறுபடி முயலலாம். அன்றைக்குச் சளி பிடித்திருந்தால் இறங்கவே வேண்டாம். மூக்கடைப்பு மாத்திரை போட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். மாத்திரையின் வேகம் பாதியில் இறங்கினால், மேலே வரும்போது காற்று சைனஸில் சிக்கிக்கொள்ளும்.

இனி, கேட்டால் வருத்தப்படுவீர்கள். உங்கள் மனைவி இந்த முறை ஸ்கூபாவைத் தவிர்ப்பது நல்லது என்பது என் கருத்து. சிலிண்டர் காற்று வறண்டது, குளிர்ச்சியானது. பனியில் வீசிங் வருகிறவருக்கு அதுவே தூண்டுதல் ஆகலாம். சுருங்கிய மூச்சுக்குழாய்க்குப் பின்னால் காற்று மாட்டிக்கொண்டால், மேலே வரும்போது நான் சொன்ன அந்த விரிவுக்கு வழி இருக்காது. ஆஸ்துமா உள்ள எல்லோருக்கும் தடை என்றில்லை. நுரையீரல் மருத்துவர் ஊதும் பரிசோதனை செய்து எழுத்தில் அனுமதித்தால் யோசிக்கலாம். அதற்காக உங்கள் மனைவி கடலடியைப் பார்க்காமல் திரும்ப வேண்டியதில்லை. ஜனவரியில் ஜாலி பாய் தீவு திறந்திருக்கும். கண்ணாடி அடித்தளப் படகில் உட்கார்ந்தபடியே பவளத்தைப் பார்க்கலாம். ‘சீ வாக்’ என்று தலைக்கவசம் மாட்டிக் கடலடியில் நடக்க வைப்பார்கள். அது ஸ்கூபா இல்லையே என்று அவரை அதில் ஏற்றிவிடாதீர்கள். அங்கேயும் அழுத்தக் காற்றுதான்.

உங்கள் பிபி கட்டுக்குள் இருந்தால், மருத்துவர் சம்மதித்தால், போகலாம். கழுத்தளவு தண்ணீரில் இறங்கும்போதே கால்களிலுள்ள ரத்தம் அரை லிட்டருக்கு மேல் மார்புப் பக்கம் வந்துவிடும். இதயத்துக்கு அது கூடுதல் வேலை. எந்த மாத்திரை என்பதும் முக்கியம். சில வகைகள் இதயத் துடிப்பு கூடவிடாமல் பிடித்துவைக்கும். நீரோட்டத்தில் மூச்சிரைக்கும்போது அது தெரியவரும். இறங்குவதற்கு முன் ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். 45 வயதைத் தாண்டியவர்களுக்கு அதில் தனிக் கேள்விகள் உண்டு. எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று டிக் அடித்துவிடுங்கள், சீக்கிரம் முடியும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பிபி என்றால் மருத்துவர் கையெழுத்து கேட்பார்கள். அதை மதுரையிலேயே வாங்கிக்கொண்டு போங்கள்; தீவில் டாக்டரைத் தேடி அலைந்தால் ஒரு காலை போய்விடும்.

ஸ்கூபா நடத்தும் கடையில் மூன்று கேள்வி கேட்டால் போதும். ஒருவருக்கு ஒரு பயிற்சியாளரா? படகிலோ கரையிலோ ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா? தண்ணீருக்கடியில் எத்தனை நிமிடம்? போட்டோ, வீடியோ இலவசம் என்பதைப் பெரிதாகப் பேசிவிட்டு இரண்டாவது கேள்விக்கு மழுப்புகிறவர்களை நான் நம்ப மாட்டேன். பவளத்தைத் தொடாதீர்கள், கரையில் கிடக்கும் செத்த துண்டைக்கூடப் பையில் போடாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளம் வருகிறது, விமான நிலையத்தில் பையைத் துழாவுவார்கள். 2010 கோடையில் கடல் சூடேறி அந்தமானில் ஏராளமான பவளம் வெளிறிப்போனது. படங்களில் பார்த்த நிறம் எல்லா இடத்திலும் இருக்காது என்பதையும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மீன்கள் ஏமாற்றாது.

மகனைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. பத்து வயது முதலே அனுமதி உண்டு. ஒரு தடவை இறங்கினால் அவன் முழுப் பயிற்சி கேட்பான். மூன்று நான்கு நாள் ஆகும், 18 மீட்டர் வரை போகலாம். அதற்கு மட்டும் நீச்சல் கட்டாயம்: நிற்காமல் 200 மீட்டர், அப்புறம் 10 நிமிடம் மிதக்க வேண்டும். இப்போதே பக்கத்து நீச்சல்குளத்தில் சேர்த்துவிடுங்கள்.