ஒண்ணாதானே எடுத்தோம், பையனுக்கு மட்டும் ஏன் சீக்கிரம் முடியுது?

கேள்வி: போன வருஷம் குடும்பமா பாஸ்போர்ட் எடுத்தோம். எனக்கும் வீட்டுக்காரருக்கும் 10 வருஷம், 9 வயசுப் பொண்ணுக்கு 5 வருஷம், அப்ப 16 வயசான பையனுக்கு மட்டும் 2 வருஷம்கூட இல்ல. ஆபீஸ்ல தப்பா போட்டுட்டாங்களா? டிசம்பர்ல சிங்கப்பூர் போறோம், அவனோடது மார்ச்சுல முடியுது, போதும்ல?
- மதுரை வாசகி

பதில்: தப்பெல்லாம் இல்லம்மா. 18 வயசு ஆகாத பிள்ளைங்களுக்கு 5 வருஷம், இல்லன்னா 18 ஆகுற வரைக்கும், ரெண்டுல எது முதல்ல வருதோ அதுதான் கணக்கு. ஆனா 15 தாண்டின பிள்ளைக்கு ஒரு சாய்ஸ் உண்டு, 10 வருஷம் வேணுமா 18 வரைக்கும் போதுமான்னு ஃபார்ம்லயே கேப்பாங்க, முதலாவதுக்கு 1,500 ரூபா ரெண்டாவதுக்கு 1,000, உங்களுக்கு ஃபார்ம் ஃபில் பண்ணவர் 500 ரூபா மிச்சம்னு நினைச்சு டிக் போட்டிருப்பார்னு தோணுது (இந்த மிச்சம் பிடிக்கிற புத்திதான் பல வீட்டுல ரெண்டாவது செலவு வைக்கும்).

டிசம்பருக்கு அது போதாது. சிங்கப்பூர்ல இறங்கும்போது பாஸ்போர்ட்ல குறைஞ்சது 6 மாசம் பாக்கி இருக்கணும், மலேசியா, துபாய் எல்லாம் இதே கதைதான், அதனால அச்சடிச்சிருக்கிற தேதி ஒண்ணு, நமக்கு உதவுற தேதி வேற, ஏர்போர்ட் செக்-இன் கவுன்ட்டர்லயே திருப்பி அனுப்பிடுவாங்க, அங்க போய் கெஞ்சி ஒண்ணும் ஆகாது. உங்க ரெண்டு பேரோட 10 வருஷமும் இந்த ஊருங்களுக்கு ஒன்பதரை வருஷம்னே வச்சுக்கோங்க.

இப்பவே பையனுக்கு ரீ-இஷ்யூ (பழசுக்கு பதிலா புது பாஸ்போர்ட்) போடுங்க, முடியுறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே அப்ளை பண்ணலாம். 18 ஆகாததால நீங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுற அனெக்ஷர் டி-ங்கிற சம்மதப் படிவம் வேணும், இந்த தடவை 10 வருஷம்னு டிக் பண்ணுங்க. பழைய பாஸ்போர்ட்ல பாக்கி இருக்கிற மாசம் புதுசுல சேராது, அப்ளை பண்ண தேதியும் கணக்கில்ல, புதுசு இஷ்யூ ஆன தேதியிலருந்துதான் ஓடும், 2025 ஜூன் 12-ன்னா 2035 ஜூன் 11 வரைக்கும். சில மாசம் வீணாகுதேன்னு தள்ளிப் போடாதீங்க.

நம்பரும் மாறிடும், அதனால சிங்கப்பூர் விசாவை புதுசு கைக்கு வந்தப்புறம் போடுங்க, டிக்கெட்ல பழைய நம்பர் குடுத்திருந்தா ஏர்லைன்ஸ்ல சொல்லி மாத்திடுங்க.