மாதாவிடம் ஒரு முறைப்பாடு

வணக்கம் அக்கா,

முழங்காவிலில் இருந்து எழுதுகிறேன். போரின் கடைசி நாட்களில், 2009 மே மாதம், அப்பா முல்லைத்தீவு வட்டுவாகலில் எங்களைப் பிரிந்தவர். இன்றுவரை தகவல் இல்லை. அம்மா நுண்கடன் எடுத்துத் தொடங்கிய கோழி வளர்ப்பு நட்டத்தில் முடிந்தது. கிழமைதோறும் கடன்காரர் படலையில் வந்து நிற்கிறார்கள். ஒரு செபக்குழுவில் சேர்ந்த பிறகுதான் எனக்குச் சற்று நிம்மதி. அழுகை அவிசுவாசத்தின் அடையாளம், நன்றி சொல்லிச் செபித்தால்தான் கதவு திறக்கும் என்று அங்கே போதிக்கிறார்கள். அம்மாவோ மாலைதோறும் செபமாலையின் நடுவே அழுது, மாதாவோடு சண்டை பிடிக்கிறார். அது பாவம் என்று கண்டித்துவிட்டு, அவரோடு சேர்ந்து செபிப்பதை நிறுத்திவிட்டேன். மடு மாதா கோவிலுக்கு நேர்த்தி வைக்கலாமா? வாழ்க்கைப் போராட்டங்களைத் தாங்க விசுவாசத்தை எப்படிப் பெருக்கிக்கொள்வது?

அன்புள்ள தம்பி,

நேர்த்தி வையும், அதற்கு என் அனுமதி தேவையில்லை. கடன் விடயத்தில் செபத்தோடு நின்றுவிடாமல், கட்டிய பணத்துக்கான பற்றுச்சீட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு, கணக்குத் தெரிந்த ஒருவரிடம் அம்மாவைக் கூட்டிச் செல்லும். இந்த இரண்டுக்காகவும் நான் பதில் எழுத உட்காரவில்லை. அம்மாவைக் கண்டித்தேன் என்று நீர் எழுதிய அந்த ஒரு வரிதான் என்னை இரவு முழுவதும் உறங்கவிடவில்லை.

கணவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல், திவசம் கொடுக்கவும் முடியாமல், பொட்டை அழிக்கவும் மனம் வராமல் இத்தனை வருடம் உம்மை வளர்த்த ஒருத்தியின் கண்ணீரைப் பாவம் என்று சொல்ல உமக்கு எப்படி வாய் வந்தது? கிளிநொச்சி கந்தசாமி கோவில் முன்பாக 2017 பெப்ரவரி 20ஆம் திகதி, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு போராட அமர்ந்த தாய்மாரிடம் போய் இதைச் சொல்வீரா? அவர்களிடம் சொல்லத் துணியாததை வீட்டில், திருப்பிப் பேசமாட்டாள் என்ற தைரியத்தில் தாயிடம் சொல்லியிருக்கிறீர்.

என் அம்மம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். போரின் கடைசி மாதங்களில் மாத்தளனில், சேலைகளைக் கிழித்துத் தைத்த மண்மூட்டைகளை அடுக்கிய பங்கருக்குள் நாங்கள் ஒன்பது பேர் இருந்தோம். ஷெல் விழுந்த அதிர்வில் ஒரு நாள் அவருடைய செபமாலை அறுந்து, மணிகள் மணலுக்குள் சிதறின. இருட்டில் துழாவிப் பதினேழு மணிகளை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். அன்றிலிருந்து கைவிரல்களை மடக்கித்தான் பத்து மணி சொன்னார். மாமா செத்த அன்றிரவு விரல்களை மடக்கவில்லை. "தாயே, நீயும் பிள்ளையை மடியில் போட்டு அழுதவள்தானே, பிறகு ஏன் பார்த்துக்கொண்டிருக்கிறாய்?" என்று விடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு செட்டிகுளம் அகதி முகாமில் தறப்பாள் கூடாரத்துக்குள் வந்த ஒருவர், எல்லாம் ஆண்டவருடைய திட்டம், அழாதேயுங்கள் என்று அவரைத் தேற்றினார். அம்மம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த மனிதர் போன பிறகு, "அவருக்கு மாதாவைப் பழக்கமில்லை" என்று மட்டும் சொன்னார். பழக்கம் உள்ளவளிடம்தானே சண்டை பிடிக்கலாம்!

நேர்த்தி வைக்க நீர் நினைக்கும் அந்த மடு மாதாவே வீட்டைவிட்டு ஓடியவள் என்பதை மறக்க வேண்டாம். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1670இல், மாந்தையிலிருந்து சனங்கள் அந்தச் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்தார்கள். 2008 ஏப்ரலில் அதே சுரூபம் மடுவிலிருந்தும் பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போனது. 1999 நவம்பரில் மடுக் கோவிலில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள்மீது எறிகணை விழுந்து ஏறத்தாழ 40 பேர் செத்தார்கள். அவர்களுக்கு விசுவாசம் குறைவாக இருந்ததா? போதுமான அளவு நன்றி சொல்லவில்லையா? உம்முடைய குழுவின் போதனையைப் பின்தொடர்ந்து போனால் அந்த இடத்தில்தான் வந்து நிற்பீர் என்பதால்தான் இவ்வளவு கோபமாக எழுதுகிறேன்.

விவிலியத்தில் வரும் யோபுவின் கதையை நீர் முழுவதும் வாசித்திருக்க வேண்டும். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து சாம்பலில் இருந்தவனிடம் நண்பர் மூவர் வந்தார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையில் பேசாமல் இருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். பிறகு வாய் திறந்து, கடவுள் நீதியுள்ளவர், குற்றம் உன்னிடம்தான் என்று பக்கம் பக்கமாகப் போதித்தார்கள். யோபுவோ பிறந்த நாளைச் சபித்தான், கடவுளையே வழக்காட அழைத்தான். முடிவில் கடவுள் யாரைக் கடிந்துகொண்டார்? தமக்காக வாதாடிய அந்த மூவரையும்தான். என் ஊழியன் யோபுவைப் போல் நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று சொல்லி, அவர்களுக்காகச் செபிக்கும் வேலையையும் யோபுவிடமே கொடுத்தார். லாசர் செத்தபோது, நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்கமாட்டான் என்று மார்த்தா இயேசுவின் முகத்துக்கு நேரே முறையிட்டாள். அவர் அவளைக் கண்டிக்கவில்லை, பிறகு தாமே அழுதார். சிலுவையில், ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கேட்டவரும் அவர்தான். அதையும் அவிசுவாசம் என்பீரா, தம்பி?

விசுவாசத்தை எப்படிப் பெருக்குவது என்று கேட்டிருந்தீர். அதைப் பிறகு பார்ப்போம். உமக்கு நிம்மதி கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். அப்பா இல்லாமல் வளர்ந்த பிள்ளை எங்கேயாவது போய்ச் சாயத்தான் வேண்டும். ஆனால் இன்று மாலை குழுவுக்குப் போக வேண்டாம். பாயில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காரும். மன்னிப்புக் கேட்க வார்த்தை வராவிட்டால் பரவாயில்லை. "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கி முதல் பாதியை அவர் சொல்லி முடித்ததும், "புனித மரியே, இறைவனின் தாயே" என்று மற்றப் பாதியை நீர் எடும். நீர் எழுந்து போன நாளிலிருந்து இரண்டு பாதியையும் அவர் தனியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
அக்கா